கன்று ஈனும் இரவும் கைமருந்தின் எல்லையும்

தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரம், ஆடி மாதச் சாரலில் பூத்துக் குலுங்கும் சூரியகாந்தி வயல்களுக்காகவும் திரைப்படப் படப்பிடிப்புகளுக்காகவும் வெளியூர்களில் அறியப்பட்ட ஊர். ஆனால், அந்த ஊரையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் ஆண்டு முழுவதும் தாங்கி நிற்பவை வயல்கள் மட்டுமல்ல. வீட்டுக்குப் பின்புறத் தொழுவங்களில் கட்டப்பட்டிருக்கும் ஒன்றிரண்டு பசுக்களும்தான். நெல்லும் காய்கறியும் பருவத்துக்கு ஒருமுறை பணம் தருபவை. பால், நாள்தோறும் பணம் தருவது. மளிகைக் கடைப் பற்றுமுதல் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணம் வரை அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உள்ள மாட்டினங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 95 லட்சம். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இத்தகைய சிறு தொழுவங்களில் வளர்பவை.

ஒரு பசு கன்று ஈனும் நாள், அந்தக் குடும்பத்தின் அடுத்த பத்து மாத வருமானம் தீர்மானமாகும் நாள். ஈற்று நல்லபடியாக முடிந்தால் கன்றும் பாலும் கிடைக்கும். தவறினால் கன்று போகலாம், பசுவும் போகலாம். பசு பிழைத்தாலும் மீண்டும் சினை பிடிக்காமல் போகலாம். ஈற்று பல நேரங்களில் இரவிலோ விடியற்காலையிலோ நிகழ்ந்துவிடுகிறது. கால்நடை மருந்தகங்களோ பகல் நேரத்தில் இயங்குபவை. இந்த இடைவெளியில்தான் வீட்டுப் பெரியவர்களின் கைமருந்து வருகிறது: நஞ்சுக்கொடி விழ மூங்கில் இலை, அடி தள்ளினால் தொட்டாற்சிணுங்கி, ஈன்ற பசுவுக்கு வெந்தயமும் வெல்லமும் என்று தலைமுறைகளாகக் கைமாறி வந்த அறிவு அது.

இந்த அறிவைப் பற்றிய விவாதம் நம்மிடையே இரண்டு எதிரெதிர் முனைகளில் நின்றுவிடுகிறது. முன்னோர் சொன்ன மூலிகை எதையும் குணமாக்கும் என்பது ஒரு முனை. அத்தனையும் மூடநம்பிக்கை என்பது மறுமுனை. இரண்டுமே தொழுவத்தில் நிற்பவருக்குப் பயன்படாதவை. அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இப்போது என் பசுவுக்கு நேர்ந்திருப்பது காத்திருக்கக்கூடிய சிக்கலா, காத்திருக்கக் கூடாத சிக்கலா? கைமருந்தின் இடமும் எல்லையும் இந்தக் கேள்விக்கான விடையில்தான் இருக்கின்றன.

முதலில், இயல்பான ஈற்று எது என்று தெரிந்திருக்க வேண்டும். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள்கள். எருமைக்கு ஏறத்தாழ 310. ஈற்று மூன்று கட்டங்களாக நிகழ்கிறது. முதல் கட்டத்தில் கருப்பையின் வாய் விரிகிறது. பசு அமைதியின்றி எழுந்து எழுந்து படுக்கும். தீவனத்தில் கவனம் இருக்காது. இது சில மணி நேரம் நீடிக்கும். தலைச்சன் ஈற்றில் இன்னும் நீளும். இரண்டாம் கட்டத்தில் பனிக்குடம் வெளிப்பட்டு உடைந்து, கன்றின் இரு முன்னங்கால்களும் அவற்றின் மீது படிந்த மூக்கும் தெரியும். கன்று பெரும்பாலும் அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும். மூன்றாம் கட்டத்தில் நஞ்சுக்கொடி விழும். இது வழக்கமாக 8 மணி நேரத்துக்குள்ளும், சிலவற்றில் 12 மணி நேரத்துக்குள்ளும் முடிந்துவிடும். இந்தக் கால அளவுகளைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் ஈற்றுப் பராமரிப்பின் முதல் மருந்து.

பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் ஆகியும், தலைச்சன் பசுவாக இருந்தால் இரண்டு மணி நேரம் ஆகியும் முன்னேற்றம் இல்லையென்றால், அது பெரும்பாலும் கன்று தங்கிய ஈற்று. ஒரு கால் மடங்கியிருக்கலாம், தலை பக்கவாட்டில் திரும்பியிருக்கலாம், கன்று இடுப்பெலும்பு வழியைவிடப் பெரிதாக இருக்கலாம், கருப்பையே முறுக்கிக்கொண்டிருக்கலாம். இவை அனைத்தும் வழியும் வடிவமும் சார்ந்த தடைகள். பூட்டிய கதவை மருந்து ஊற்றித் திறக்க முடியாததைப் போல, மடங்கிய காலை எந்த மூலிகையாலும் நிமிர்த்த முடியாது. பயிற்சி பெற்ற கைதான் உள்ளே சென்று நிமிர்த்த வேண்டும். அதுவும் முடியாதபோது அறுவைச் சிகிச்சைதான் வழி.

வலியைத் தூண்டும் மருந்து கொடுத்தால் கன்று வந்துவிடும் என்ற எண்ணம்தான் இங்கு மிக ஆபத்தானது. இதன் விளைவை மனித மருத்துவ வரலாறு முன்பே கண்டிருக்கிறது. ஐரோப்பியத் தாதியர், ரை தானியக் கதிர்களில் வளரும் எர்காட் என்ற பூஞ்சையைப் பேற்றைத் துரிதப்படுத்தப் பயன்படுத்தி வந்தனர். அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டியர்ன்ஸ் 1808இல் அதை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அடுத்த சில ஆண்டுகளில், அதைக் கொடுத்த இடங்களில் குழந்தைகள் இறந்து பிறப்பதும் தாய்மாரின் கருப்பை கிழிவதும் தெரியவந்தன. 'பேற்றுப் பொடி' எனப் பெயர்பெற்ற அதைச் 'சாவுப் பொடி' என்றே அழைக்க வேண்டும் என 1824இல் நியூயார்க் மருத்துவர் டேவிட் ஹோசாக் எச்சரித்தார். அதே எர்காட்டிலிருந்து 1935இல் பிரித்தெடுக்கப்பட்ட எர்கோமெட்ரின், பேற்றுக்குப் பிந்தைய இரத்தப்போக்கை நிறுத்தி எண்ணற்ற தாய்மாரைக் காப்பாற்றியது. மருந்து மூலம் ஒன்றுதான். எப்போது, எவ்வளவு, எதற்கு என்பதில்தான் உயிரும் சாவும் பிரிந்தன. வழி அடைபட்டிருக்கும்போது கருப்பையை வலிந்து சுருங்கச் செய்தால் அது கிழியும். மூலிகையாக இருந்தாலும் ஆக்சிடோசின் ஊசியாக இருந்தாலும் இதுவே விதி.

நம் மரபிலும் இத்தகைய இருமுனைக் கத்திகள் உண்டு. மாநில மலரான செங்காந்தளின் கிழங்கை நாம் கலப்பைக்கிழங்கு என்கிறோம். பேற்றை எளிதாக்கவும் கொடி விழவும் அதை அரைத்து அடிவயிற்றில் பூசும் வழக்கம் நம் மருத்துவ மரபில் உண்டு. ஆனால், அந்தக் கிழங்கில் உள்ள கோல்ச்சிசின் கடும் நஞ்சு. வாய்வழியாகச் சிறிதளவு சென்றாலும் மனிதருக்கும் மாட்டுக்கும் உயிராபத்து. ஆடுதீண்டாப்பாளை இன்னொரு சான்று. அதன் பேரினத்துக்குத் தாவரவியலில் வழங்கும் அரிஸ்டோலோகியா என்ற பெயரே, 'சிறந்த பேறு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. கிரேக்கத்திலும் தமிழகத்திலும் ஒரே பேரினச் செடிகள் பேற்றுக்கு உதவும் என நம்பப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காக அப்பேரினச் செடி கலந்த மருந்தை உட்கொண்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பாழானபோதுதான் அதன் மறுபக்கம் உலகுக்குத் தெளிவாயிற்று. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இன்று வகைப்படுத்தியுள்ளது. நெடுங்காலமாக வழக்கில் இருப்பது மட்டுமே ஒரு மருந்தின் பாதுகாப்புக்குச் சான்றாகாது. உடனே கொல்லும் நஞ்சை மரபு கண்டுகொள்ளும். பல ஆண்டுகள் கழித்துக் கொல்லும் நஞ்சைக் கண்டுகொள்வது அதற்கு எளிதன்று.

காத்திருக்கக் கூடாத இரண்டாவது சிக்கல் பால் காய்ச்சல். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடல் சுடாது. மாறாகக் காதுகள் சில்லிட்டுப் போகும். கன்று ஈன்ற 72 மணி நேரத்துக்குள், நிறையப் பால் தரும் பசு திடீரெனத் தள்ளாடிப் படுத்துவிடும்; கழுத்தை விலாப்பக்கம் மடித்து வைத்துக்கொள்ளும். சீம்பால் சுரப்பதற்காக இரத்தத்திலிருந்து சுண்ணாம்புச்சத்து மிகுதியாக மடிக்குச் சென்றுவிடுவதே காரணம். சுண்ணாம்புச்சத்து குறைந்தால் தசைகள் இயங்கா. இறுதியில் இதயமும் நின்றுவிடும். கால்சியம் போரோகுளுக்கோனேட்டை இரத்தக்குழாய் வழியாக மெல்லச் செலுத்தினால், சாகக் கிடந்த பசு பல நேரங்களில் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். கால்நடை மருத்துவத்தில் இதைப் போலக் கண்முன்னே பலன் காட்டும் சிகிச்சைகள் சிலவே.

எலும்புக்கு வலுவூட்டும் என நாம் போற்றும் பிரண்டையைச் சினைக்காலத் தீவனத்தோடு சேர்ப்பது வேறு. பால் காய்ச்சலில் படுத்துவிட்ட பசுவுக்குப் பிரண்டைச் சாற்றைப் புகட்டுவது வேறு. பின்னது பயன் தராததோடு கேடும் விளைவிக்கும். அந்நிலையில் பசுவால் சரியாக விழுங்க முடியாது. தலையைத் தூக்கி மூங்கில் குழாயிலோ புட்டியிலோ எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலைத் தாக்கும். படுத்துக் கிடக்கும் பசுவின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்ற ஒரே ஒரு விதி ஊரெங்கும் பரவினாலே பல பசுக்கள் பிழைக்கும்.

இனி, கைமருந்துக்கு உண்மையில் இடமுள்ள சிக்கலுக்கு வருவோம். அது நஞ்சுக்கொடி தங்குதல். கன்று வெளியே வந்துவிட்டது. பசு நின்று தீவனம் எடுக்கிறது. ஆனால் கொடி விழவில்லை. இது பெரும்பாலும் உடனடி உயிராபத்து அன்று. கொடியானது கருப்பைச் சுவரில் குமிழ் குமிழாக ஒட்டியிருக்கும். கன்று பிறந்ததும் தாயின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்த ஒட்டுகளைத் தளர்த்தி விடுவிக்க வேண்டும். சுண்ணாம்புச்சத்துக் குறைவு, வைட்டமின் ஈ, செலினியம் ஆகியவற்றின் பற்றாக்குறை, இரட்டைக் கன்று, கருச்சிதைவு, தொற்றுநோய், கடினமான ஈற்று ஆகியவற்றால் இந்தப் பணி தடைபடும்போது கொடி தங்கிவிடுகிறது.

தேசியப் பால்வள வாரியம், பெங்களூரில் உள்ள டிரான்ஸ்டிசிப்ளினரி பல்கலைக்கழகத்தோடு இணைந்து பரப்பிவரும் மரபுசார் கால்நடை மருத்துவக் குறிப்புகளில் இதற்கு ஒரு முறை உள்ளது. கன்று ஈன்ற 2 மணி நேரத்துக்குள் ஒரு முழு வெள்ளை முள்ளங்கியைத் தின்னக் கொடுக்க வேண்டும். 8 மணி நேரம் கடந்தும் கொடி விழாவிட்டால் ஒன்றரைக் கிலோ வெண்டைக்காயை வெல்லமும் உப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 12 மணி நேரம் ஆன பிறகும் விழாவிட்டால், தொங்கும் கொடியை மேற்பகுதியில் முடிச்சிட்டு அதற்குக் கீழே வெட்டிவிட வேண்டும். கையை விட்டு இழுக்கக் கூடாது. பிறகு வாரம் ஒரு முள்ளங்கி வீதம் 4 வாரங்கள் தர வேண்டும். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு அருகில் வாழும் விவசாயிக்கு இவை எல்லாமே கைக்கெட்டும் பொருள்கள். மாட்டுக்கு இவை தீவனமாகவும் அமைவதால், கெடுதல் நேரும் வாய்ப்பும் மிகக் குறைவு. தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்த ந. புண்ணியமூர்த்தி உள்ளிட்டோரின் நெடுநாளைய தொகுப்புப் பணியே இத்தகைய குறிப்புகளுக்கு அடித்தளம்.

இங்கும் ஒரு நுட்பத்தை மறந்துவிடக் கூடாது. ஈன்ற மூன்றாவது மணி நேரத்தில் கொடி விழாத பசுக்களை எடுத்துக்கொண்டால், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அடுத்த சில மணி நேரத்தில் அது தானாகவே விழுந்துவிடும். அந்த இடைவேளையில் எதைக் கொடுத்தாலும், கொடுத்ததுதான் கொடியை விழச் செய்தது என்றே தோன்றும். முள்ளங்கி கொடுத்த பசுக்களையும் கொடுக்காத பசுக்களையும், இனம், வயது, ஈற்று எண்ணிக்கை ஆகியவற்றில் ஒத்திருக்குமாறு பிரித்து ஒப்பிட்டால்தான் உண்மையான பலன் தெரியும். இப்படிச் சோதிக்க வேண்டும் எனக் கேட்பதை மரபை அவமதிப்பதாகக் கருதலாகாது. எர்காட்டிலிருந்து உயிர்காக்கும் மருந்து பிறந்தது சோதனையால்தான்.

கையால் இழுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை தனியே வலியுறுத்தத்தக்கது. தொங்கும் கொடியில் கனமான பொருளைக் கட்டிவிடுவதும், உள்ளே கைவிட்டுப் பிய்த்தெடுப்பதும் பல ஊர்களில் இன்றும் நடக்கின்றன. அவ்வாறு செய்தால் கருப்பைச் சுவர் கிழிந்து, இரத்தம் கசிந்து, சீழ் பிடித்து, பசு மலடாக வழியேற்படும். வலிந்து பிய்த்தெடுக்கும் முறையை நவீன கால்நடை மருத்துவமும் கைவிட்டுவிட்டது. மரபுசார் குறிப்பும் அறிவியலும் இந்த இடத்தில் ஒரே குரலில் பேசுகின்றன. கொடி தங்கிய பசு தீவனத்தை வெறுத்தாலோ, உடல் சுட்டாலோ, துர்நாற்றமுள்ள திரவம் வடிந்தாலோ, அதோடு கைமருந்தின் எல்லை முடிந்தது. மருத்துவரை அழைத்தே தீர வேண்டும். பசுவின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஒரு வெப்பமானி ஒவ்வொரு தொழுவத்திலும் இருப்பது நல்லது.

மூங்கில் இலை கொடுப்பது நாட்டின் பல பகுதிகளிலும் உள்ள வழக்கம். கைப்பிடியளவு கொடுப்பதில் பெரும் தீங்கில்லை. ஆனால் மூங்கிலின் இளந்தளிர்களில் சயனைடை வெளியிடும் பொருள்கள் உண்டு என்பதால், அளவு மீறக் கூடாது. ஈன்ற களைப்புக்காக அரிசிக் கஞ்சியையும் பொங்கலையும் அளவின்றிக் கொடுப்பதும் அப்படித்தான். அசைபோடும் விலங்கின் வயிற்றில் மாவுப்பொருள் மிகுந்தால் அமிலம் பெருகி உயிரையே பறிக்கும். வெதுவெதுப்பான நீர், சிறிது வெல்லம், நல்ல பசுந்தீவனம், உலர்தீவனம் ஆகியவை போதும்.

கைவிட வேண்டிய வழக்கம் ஒன்றும் உண்டு. நஞ்சுக்கொடி விழும் வரை கன்றுக்குச் சீம்பால் கொடுக்கக் கூடாது என்பது பல இடங்களில் உள்ள நம்பிக்கை. உண்மை இதற்கு நேர்மாறானது. கன்று முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் ஆக்சிடோசின் இயல்பாகச் சுரந்து கருப்பை சுருங்க உதவுகிறது. கன்றோ நோய் எதிர்ப்பாற்றல் ஏறத்தாழ ஏதுமின்றிப் பிறக்கிறது. சீம்பாலில் உள்ள எதிர்ப்பொருள்களை அதன் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் முழுமையாக உறிஞ்சும். ஒரு நாள் கடந்தால் அந்தக் கதவு மூடிவிடும். காத்திருப்பதால் தாய்க்கும் இழப்பு, கன்றுக்கும் இழப்பு.

மூன்றாவது, உறுப்பு வெளித்தள்ளுதல். இதில் இரு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். ஈற்றுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, பசு படுக்கும்போது மட்டும் பிறப்புறுப்பின் உட்பகுதி சிறிது வெளித்தெரிந்து, எழுந்ததும் உள்ளே சென்றுவிடுவது ஒரு வகை. சோற்றுக்கற்றாழைக் கூழ், மஞ்சள், அரைத்த தொட்டாற்சிணுங்கி ஆகியவற்றைத் தூய்மைப்படுத்திய உறுப்பின் மேல் பூசும்படி தேசியப் பால்வள வாரியத்தின் குறிப்பு கூறுவது வெளித்தள்ளலுக்குத்தான். அதன் இயல்பான இடம் இந்தத் தொடக்கநிலை. தொட்டாற்சிணுங்கியின் துவர்ப்புத்தன்மை வீக்கத்தைத் தணிக்க உதவும் என்பது கருத்து. பசுவின் பின்பக்கம் சற்று உயர்ந்திருக்குமாறு கட்டுவதும் உதவும். ஈன்ற பிறகு கருப்பை முழுவதுமாக வெளியே வந்து தொங்குவது மற்றொரு வகை. இது முற்றிலும் நெருக்கடி நிலை. இரத்தக்குழாய் அறுந்தால் சிறிது நேரத்தில் பசு இறந்துவிடும். மருத்துவர் வரும் வரை செய்யக்கூடியது, உறுப்பைத் தூய நீரால் கழுவி, ஈரத் துணியில் ஏந்தி, நாயும் காகமும் அண்டாமல் காப்பதே. வீங்கிய கருப்பையின் மேல் சர்க்கரையைத் தூவினால் அது நீரை இழுத்து வீக்கத்தைக் குறைக்கும் என்பது உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் கையாளும் எளிய முறை. அடுக்களைப் பொருள் நவீன மருத்துவருக்கும் கைகொடுக்கும் இடம் இது.

இத்தகைய எளிய முறைகளில் அரசும் பால் கூட்டுறவு அமைப்புகளும் ஏன் அக்கறை காட்டுகின்றன? காரணம் நுண்ணுயிர்க்கொல்லிகள். கொடி தங்கினாலும் மடிநோய் வந்தாலும் உடனே நுண்ணுயிர்க்கொல்லி ஊசி என்ற பழக்கத்தால் பாலில் மருந்தின் எச்சம் கலக்கிறது; மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. அவை நாளை மனிதரையும் தாக்கும். மடிநோய்க்கு 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்பொடி, 15 கிராம் சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்துப் பூசும் முறை பால் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பரவியது இந்தக் கவலையால்தான். 2024 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட கால்நடைச் சிகிச்சைக்கான நிலையான வழிகாட்டு நெறிகளில் மரபுசார் முறைகளும் இடம்பெற்றன. 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த, 3,880 கோடி ரூபாய் மதிப்பிலான திருத்தப்பட்ட கால்நடை நலத் திட்டத்திலும் மரபுசார் மருத்துவ அறிவை ஆவணப்படுத்துவது சேர்க்கப்பட்டுள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் நுண்ணுயிர்க்கொல்லியைக் குறைப்பது, தேவைப்படும் பசுவுக்கு மருத்துவரை மறுப்பதற்கான சாக்காகிவிடக் கூடாது.

தொழுவத்தில் நிற்கும் மனிதரின் நலனும் இதில் அடங்கியுள்ளது. கருச்சிதைவுக்கும் கொடி தங்குவதற்கும் புரூசெல்லோசிஸ் என்ற கன்றுவீச்சு நோய் முக்கியக் காரணங்களுள் ஒன்று. அந்நோய் கண்ட பசுவின் கொடியிலும் ஈற்று நீரிலும் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். வெறுங்கையால் அவற்றைத் தொடுபவருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். தொழுவ வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது என்பதால் பாதிப்பும் அவர்களுக்கே முதலில். 2019 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், 4 முதல் 8 மாதப் பெண் கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. வாழ்நாளில் ஒருமுறை போட்டாலே போதும்.

விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றிக் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. பால் வடியும் மரத்தில் கட்டினால் பசுவுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. நாய்கள் கொடியை இழுத்துச் சென்று தின்பதை அது தடுத்தது என்ற அளவில் அதில் ஒரு பயன் இருந்தது. ஆனால் நோயுற்ற பசுவின் கொடி மரத்தில் தொங்கும்போது, கீழே சொட்டுவது கிருமியாகவும் இருக்கலாம். கையுறையோ நெகிழிப் பையோ அணிந்து எடுத்து, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதே பாதுகாப்பு. வழக்கத்தின் நோக்கத்தைக் காத்து, வடிவத்தை மாற்றிக்கொள்வது மரபை இழப்பதாகாது.

வேறொரு மாற்றத்தையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். இந்த மருத்துவ மரபு உருவான காலத்துப் பசு வேறு. இன்றைய பசு வேறு. அன்று உழவுக்கும் வண்டிக்கும் காளை தந்த நாட்டு மாடு, சிறிய கன்றை ஈன்றது. கன்றுக்குப் போக வீட்டுக்குச் சிறிது பால் தந்தது. அதற்குக் கடினமான ஈற்றும் பால் காய்ச்சலும் அரியவை. இன்று தொழுவங்களில் நிற்பவை பெரும்பாலும் கலப்பினப் பசுக்கள். சமவெளிக்கு ஜெர்சி கலப்பினம், மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் பிரீசியன் கலப்பினம் என்பதே தமிழ்நாட்டின் இனவிருத்திக் கொள்கை. சிறிய உடல்வாகுள்ள கிடாரிக்குப் பெரிய இனக் காளையின் விந்தைச் செலுத்தினால் கன்று தங்குவது எதிர்பார்க்கத்தக்கதே. பாட்டியின் மருந்து பொய்த்துப்போனது என்று சொல்வதற்கு முன், பாட்டி அறிந்த பசு அதுவல்ல என்பதையும் நாம் உணர வேண்டும். ஈற்றுச் சிக்கலுக்கான தடுப்பு, சினை ஊசி போடும் நாளிலேயே தொடங்குகிறது.

இந்த அறிவு எங்கே வாழ்கிறது? மாட்டுவாகடம் என்ற பெயரில் சுவடிகளும் அச்சு நூல்களும் நம்மிடம் உண்டு. எனினும் ஈற்றுக்கான கைமருந்துகளில் பெரும்பகுதி ஏட்டில் ஏறாதவை. முதிய பெண்களின் நினைவிலும் மாட்டு வைத்தியர்களின் கையிலும் மட்டுமே இருப்பவை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்கச் சொல்கிறது. குற்றால மலையின் மூலிகைகளைப் பற்றிப் பெருமை பேசும் நாம், அந்த மலையடிவாரப் பேரூராட்சிகளின் பதிவேடுகளில் மாட்டுக்கான மருந்துகளும் அவற்றைச் சொன்னவர்களின் உரிமையும் பதிவாகின்றனவா என்று கேட்க வேண்டும்.

அந்த உரிமைக்கு முன்னுதாரணம் நம் மலைத்தொடரின் மறுபக்கத்திலேயே உண்டு. அகத்தியமலையில் வாழும் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து, கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு 1990களின் இடையில் உரிமம் வழங்கியபோது, கிடைத்த தொகையில் பாதியைக் காணிகளின் அறக்கட்டளைக்குத் தர முடிவு செய்தது. பின்னர் அந்த ஏற்பாட்டில் குறைகள் எழுந்தபோதும், அறிவைத் தந்தவருக்கு ஒரு பங்கு உண்டு என்ற நெறியை அது உலகுக்குக் காட்டியது.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. ஒவ்வொரு பால் கூட்டுறவுச் சங்கத்திலும், எந்த அறிகுறிக்கு எத்தனை மணி நேரம் காத்திருக்கலாம், எதற்கு உடனே 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்று தெளிவான தமிழில் ஒரு பலகை வைக்கலாம். இரவு நேர ஈற்றுச் சிக்கல்களுக்கு வட்டத்துக்கு ஒரு மருத்துவராவது முறைவைத்துக் கிடைக்கும்படி கால்நடை பராமரிப்புத் துறை ஏற்பாடு செய்யலாம். திருநெல்வேலியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி, முள்ளங்கியும் வெண்டைக்காயும் உண்மையில் எவ்வளவு உதவுகின்றன என்பதை இப்பகுதித் தொழுவங்களிலேயே முறையாகச் சோதித்து, முடிவு எதுவாயினும் விவசாயிக்குச் சொல்லலாம். நஞ்சுள்ள செடிகளின் பட்டியலைப் பள்ளிகள் வழியாகவே வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கலாம்.

நம் முன்னோர் எந்தச் செடியை எப்போது கொடுப்பது என்பதோடு, எப்போது எதையும் கொடுக்காமல் இருப்பது என்பதையும் அனுபவத்தில் அறிந்திருந்தனர். அந்த இரண்டாவது அறிவுதான் முதலில் மறைந்துவருகிறது. மருந்தின் பெயர் செவிவழியாகவும் கைப்பேசி வழியாகவும் விரைந்து பரவுகிறது. அதன் எல்லை பரவுவதில்லை. எல்லையையும் சேர்த்துக் கற்பித்தால், முள்ளங்கிக்கும் மருத்துவரின் ஊசிக்கும் ஒரே தொழுவத்தில் இடம் உண்டு. நள்ளிரவில் கன்று ஈனும் பசுவுக்கும், அதை நம்பி வாழும் குடும்பத்துக்கும் தேவைப்படுவது அதுவே.